பழைய கொரோலாவின் ஏசி: ஓடும்போது குளிர், நின்றால் வெக்கை

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

வணக்கம். 1997ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா 110 ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. அப்பா வாங்கிய கார். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். உப்புவெளியிலிருந்து கிண்ணியாவில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போய்வருவதும், விடுமுறைகளில் கந்தளாய், ஹபரணை வழியாகக் கண்டிக்குப் போவதுமே அதன் வேலை. எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஏசி மட்டும் சென்ற ஆண்டின் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்திலிருந்து தொல்லை தருகிறது.

காலையில் புறப்படும்போது நன்றாகவே குளிர்கிறது. பின்னேரம் திரும்பும்போதும், கிண்ணியாப் பாலம் தாண்டிச் சீனக்குடாப் பக்கமாக ஓரளவு வேகத்தில் வரும் வரை குளிர் இருக்கிறது. ஆனால் நகரத்துக்குள் வந்து அநுராதபுரச் சந்தியில் வாகனங்களுக்குப் பின்னால் நிற்கத் தொடங்கியதும், வரும் காற்று சிறிது நேரத்திலேயே வெதுவெதுப்பாகிவிடுகிறது. உப்புவெளியை நோக்கி மறுபடி ஓடத் தொடங்கினால் குளிர் திரும்புகிறது.

நீண்ட பயணத்தில் வேறொரு கோளாறும் உண்டு. கந்தளாய் தாண்டிச் சிறிது தூரம் போனதும் காற்றின் அளவு படிப்படியாகக் குறைகிறது. புளோவரின் இரைச்சல் அப்படியே இருக்கும். துவாரங்களில் மட்டும் காற்று வராது. ஏசியை நிறுத்திவிட்டுக் கால் மணித்தியாலம் ஓடினால் காற்று மீளும், அடுத்துக் காரை எங்கே நிறுத்தினாலும் அடியில் வழமையைவிடக் கூடுதலாகத் தண்ணீர் சொட்டும்.

நான் காட்டும் கராஜில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காஸ் நிரப்பித் தந்தார்கள். முன்பக்கத்தைத் தண்ணீரடித்துக் கழுவியும் தந்தார்கள். ஒவ்வொரு முறையும் சில கிழமைகள் நன்றாக இருந்து, பின்னர் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இப்போது கொம்பிரசர் தேய்ந்துவிட்டதாகவும், மாற்றினால்தான் சரிவரும் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை என்னுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வருகிறது. கொம்பிரசர் உண்மையிலேயே பழுதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னர் நானாக அறிந்துகொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கடற்கரை வீதி எழுதியது:

இது காஸ் கசிவுதான். பழைய கார் என்றால் எங்காவது ஒரு ஓ-றிங் (குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம்) கசியத்தான் செய்யும். அதைத் தேடி டாஷ்போர்டைக் கழற்றத் தொடங்கினால் செலவு முடிவில்லாமல் போகும். என் நண்பர் ஒருவர் தன் நிசான் சனி காரில் பாதி விலைக்குக் கிடைக்கும் வேறொரு காஸை நிரப்பியிருக்கிறார், முன்னரைவிட நன்றாகக் குளிர்கிறது என்கிறார். ஆண்டுக்கு ஒரு தடவை அதை நிரப்பிக்கொண்டு ஓடுவது கொம்பிரசர் மாற்றுவதைவிட மலிவு.

பாலையூற்று மெக்கானிக் எழுதியது:

ரீச்சர், நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டையும் ஒன்றாக எண்ணியதாலேயே கராஜில் திரும்பத் திரும்பக் காஸ் நிரப்பும் நிலை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கொம்பிரசர் அமுக்கி அனுப்பும் சூடான காஸ், றேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சரில் தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாக வேண்டும். கார் ஓடும்போது அந்தக் காற்றைச் சாலையே தருகிறது. கார் நின்றதும் அதைத் தரவேண்டியது மின்விசிறி. ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது வெதுவெதுப்பாகும் கார் என்றால், நான் கொம்பிரசரைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். விசிறியையும் கொண்டென்சரையுமே முதலில் பார்ப்பேன். தேய்ந்த கொம்பிரசரும் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பலவீனமாகத்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது காலையிலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் கார் காலையில் நின்றாலும் குளிர்கிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. பின்னேர வெயிலில் காரை நிழலில்லாத இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைத்தடையை இழுத்து, ஏசியை முழுவதுமாகப் போட்டு, சமையலறையில் பாவிக்கும் வெப்பமானி இருந்தால் அதை நடுத்துவாரத்தில் செருகி வையுங்கள். காற்று வெதுவெதுப்பானதும், முன்பக்கக் கிறில் வழியாகக் கொண்டென்சரின் மேல் பூவாளியால் தண்ணீரைப் பரவலாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் துவாரத்துக் காற்று மறுபடி குளிர்ந்தால், கொம்பிரசர் தன் வேலையைச் செய்கிறது, வெப்பம்தான் வெளியேற வழியின்றி நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பொனற்றைத் திறந்து வைத்திருக்கும்போது சேலைத் தலைப்பையும் கையையும் விசிறிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நின்றிருக்கும் விசிறி முன்னறிவித்தல் இல்லாமல் சுழலத் தொடங்கும்.

அதோடு, ஏசி ஓடும்போது ஒரு பத்திரிகைத் தாளைக் கொண்டென்சரின் முன்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் காரில் விசிறிகள் றேடியேட்டருக்குப் பின்னாலிருந்து காற்றை உள்ளே இழுப்பவை. ஆகவே தாள் ஒட்டி நிற்க வேண்டும். வழுகி விழுந்தால் விசிறியின் மோட்டரில் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அல்லது ரிலேயிலோ வயர் முனையிலோ மின் குறைந்து வரலாம். தாள் முன்னோக்கித் தள்ளப்பட்டால், மோட்டர் மாற்றிய எவரோ வயர்களை இடம்மாற்றிப் பூட்டியிருக்கிறார் என்று பொருள். விசிறி சுழல்கிறது என்று மட்டும் பார்த்து விட்டுவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள்.

கராஜில் காஸ் நிரப்பிய ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்தைக் கழுவினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வாக்கியங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். சில கிழமைகள் நன்றாக இருந்ததற்குக் காஸ் காரணமா, கழுவியது காரணமா? உப்புவெளியில் கடலை நோக்கி நிற்கும் காரின் கொண்டென்சரில் உப்பும் தூசியும் சேர்ந்து அலுமினியச் செதில்களுக்கிடையில் பசைபோல் பிடித்துக்கொள்ளும். கழுவினால் சிறிது காலம் காற்றுப் போகும். காஸ் குறையாத காரில் மேலும் காஸ் ஏற்றியிருந்தால், இப்போது அளவுக்கு மிஞ்சியும் இருக்கலாம். மிஞ்சிய காஸும் நிற்கும்போது வெக்கையைத்தான் தரும்.

இனி இரண்டாவது. காற்றின் அளவு குறைந்து, நிறுத்தினால் மீண்டு, பிறகு தண்ணீர் கொட்டுவது, டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் கொயிலில் பனிக்கட்டி பிடிப்பதன் அடையாளம். கொயிலின் செதில்களுக்கிடையில் ஊசிபோல் ஒரு உணரி செருகப்பட்டிருக்கும். கொயில் உறைநிலையை நெருங்கும்போது அது தரும் தகவலின்படி, கொம்பிரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் விடுபட வேண்டும். அந்த உணரி இடம் விலகித் தொங்கினால், கொயில் உறைந்த பிறகும் அது சூடான காற்றையே அளந்துகொண்டிருக்கும். கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும். காஸ் ஓரளவு குறைந்த காரிலும் கொயிலின் ஒரு பகுதி உறைவதுண்டு. ஆனால் அது நகரத்துக்குள்ளும் குளிரைக் குறைத்துக் காட்டும், காலையிலும் காட்டும். உங்கள் காருக்குக் காற்று வடிகட்டி கிடையாது என்பதால், இத்தனை ஆண்டுத் தூசியும் வேப்பஞ்சருகும் கொயிலின் முகத்தில் படிந்து காற்றைக் குறைத்திருப்பதும் உறைவதற்கு உதவும்.

அது திருத்தப்படும் வரை நீண்ட பயணத்தில் புளோவரை ஒன்றாம் எண்ணில் வைக்காமல் கூட்டி வையுங்கள். காற்றுக் குறையத் தொடங்கியதும் ஏசிப் பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, புளோவரை அப்படியே ஓட விடுங்கள்.

கேஜ் (அமுக்கமானி) வைத்திருக்கும் எவரிடமாவது போய், காஸை ஏற்றாமலும் இறக்காமலும், கொயிலிலிருந்து கொம்பிரசருக்கு வரும் தாழ் பக்கம், கொம்பிரசரிலிருந்து கொண்டென்சருக்குப் போகும் உயர் பக்கம் ஆகிய இரண்டு பக்க அமுக்கத்தையும் வாசித்துத் தரச் சொல்லுங்கள். அந்த எண்கள் வந்தால் மேலே பேசலாம்.

துறைமுகத்தான் எழுதியது:

கடற்கரை வீதி அண்ணன் சொன்ன பாதி விலைக் காஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் கப்பல்களில் குளிர்கொள்கலன்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன்.

மலிவாகக் கிடைப்பவற்றில் ஒரு வகை, சமையல் காஸின் உறவான புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அது நன்றாகக் குளிரூட்டும் என்பதில் சந்தேகமில்லை. அமுக்கமும் உங்கள் காருக்கு உரிய காஸான ஆர்134ஏயை ஒத்துத்தான் இருக்கும். ஆனால் கூலிங் கொயில் இருப்பது டாஷ்போர்டுக்குள். கடற்காற்றில் நின்ற பழைய காரின் கொயில் கசிந்தால், எரியும் வாயு கண்ணாடி ஏற்றிய காருக்குள் சேரும். தீப்பற்றாத வாயுவுக்கென்று வடிவமைத்த ஒன்றில் அதை நிரப்பிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்ல நான் துணியமாட்டேன்.

மற்றது இன்னும் மோசமானது. ஆர்134ஏ என்று பெயரிட்ட போலிச் சிலிண்டர்களில் ஆர்40 என்னும் மீதைல் குளோரைட் கலந்து வந்ததுண்டு. அது அலுமினியத்துடன் தாக்கமுற்று, காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பற்றும் சேர்வையை உண்டாக்கும். 2011இல் குளிர்கொள்கலன்களின் கொம்பிரசர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தது இதனால்தான். அந்த ஆண்டில் எங்கள் தொழிலில் இருந்த எவரும் கேஜைப் பூட்டும்போது ஒரு கணம் யோசிக்காமல் பூட்டியதில்லை. காரின் கொம்பிரசரும் கொண்டென்சரும் கொயிலும் அலுமினியமே.

ரீச்சர், உங்கள் காருக்குள் இப்போது இருப்பது என்ன என்பதை ஓரளவு அறிய ஒரு வழி உண்டு. கார் இரவு முழுவதும் நின்ற பிறகு, எஞ்சினைப் போடாமல் கேஜைப் பூட்டினால் இரு பக்கமும் ஒரே அமுக்கம் காட்டும். தூய ஆர்134ஏ என்றால் 28 பாகை செல்சியசில் கேஜ் ஏறத்தாழ 91 பிஎஸ்ஐ (அமுக்க அலகு), 30 பாகையில் 97, 35 பாகையில் 114 இருக்க வேண்டும். காற்று உள்ளே போயிருந்தால் அதைவிடக் கூடும். உள்ளே ஒரு துளி திரவமாவது இருக்கும் வரை இந்த எண் மாறாது என்பதால், காஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை இது சொல்லாது. நிரப்பப் போனபோது "கேஜில் 95தான் நிற்கிறது, காஸ் குறைவு" என்று எவராவது நின்ற காரைப் பார்த்துச் சொன்னால், அவருக்கு இந்த விடயம் தெரியாது என்று கொள்ளலாம். ஆர்40 கலவைகள் அமுக்கத்தையும் ஒப்பிட்டுக் கலக்கப்படுவதால் கேஜில் அகப்படாது. அதற்கு எதிரான காவல், முத்திரை உடைக்காத சிலிண்டரை உங்கள் கண்முன் திறக்கச் சொல்வதுதான்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சொன்னபடியே செய்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றுவதற்குத் தம்பி உதவினான்.

காலையில் கார் நின்றாலும் குளிர்கிறது. பின்னேரம் வெளியே 34 பாகை இருந்த வேளையில், நிறுத்தி வைத்த காரின் துவாரத்தில் வெப்பமானி 21 பாகை வரை ஏறியது. தண்ணீர் ஊற்றியதும் 11 பாகைக்கு இறங்கியது. ஊற்றுவதை நிறுத்தியதும் மெதுவாக மறுபடி ஏறியது. பத்திரிகைத் தாள் ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டி நின்றது, மறுபக்கத்தில் வழுகி விழுந்தது. அந்தப் பக்க விசிறி சுழல்கிறது, ஆனால் அதன் இதழ்களைக் கண்ணால் எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

நகரத்தில் வேறொரு கராஜுக்குப் போய் அமுக்கத்தை வாசித்துத் தரச் சொன்னேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருந்தபோது இரு பக்கமும் 91. பின்னேரம் ஏசி ஓட, தாழ் பக்கம் 48, உயர் பக்கம் 310 பிஎஸ்ஐ. அங்கிருந்த பையனிடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்; தாழ் பக்கம் 33க்கும் உயர் பக்கம் 205க்கும் இறங்கின. இதைப் பார்த்ததும் அந்தக் கராஜின் திருத்துநரும் கொம்பிரசரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். கிறிலைக் கழற்றிப் பார்த்தபோது கொண்டென்சரின் கீழ்ப்பாதியில் செதில்கள் விரல் பட்டதும் சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்தன. குழாய்கள் கசியவில்லை என்கிறார். கழுவிவிட்டால் போதுமா, அல்லது கொண்டென்சரை மாற்ற வேண்டுமா?

பாலையூற்று மெக்கானிக் எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் ரீச்சர். இந்த எண்களை இப்படி வாசியுங்கள். ஆர்134ஏ 310 பிஎஸ்ஐ அமுக்கத்தில் திரவமாகும் வெப்பநிலை ஏறத்தாழ 72 பாகை. வெளியே 34 பாகை இருக்க, கொண்டென்சர் 72 பாகைக்குச் சூடாகித்தான் வெப்பத்தை வெளியே தள்ள முடிகிறது. தண்ணீர் பட்டதும் அது 55 பாகையளவுக்கு இறங்கியது. அதே நேரத்தில் உள்ளே கொயிலில் இருக்கும் காஸ், 48 பிஎஸ்ஐ என்றால் 11 பாகையிலும், 33 பிஎஸ்ஐ என்றால் 3 பாகையை அண்டியும் கொதிக்கிறது. 11 பாகையில் இருக்கும் கொயிலால், வெயிலில் நின்ற காரின் காற்றை 11 பாகைக்குக் குளிர்விக்க ஒருபோதும் முடியாது. தேய்ந்த கொம்பிரசர் இதற்கு நேர்மாறாகக் காட்டும்: தாழ் பக்கம் கூடி, உயர் பக்கம் குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். 310 வரை அமுக்கக்கூடிய கொம்பிரசரைத் தேய்ந்தது என்று சொல்வதற்கு வழியே இல்லை. ஆனால் இதே நிலையில் இன்னும் பல மாதம் ஓடினால் அதுவும் தேயும். ஆகவே ஒத்திப்போட வேண்டாம்.

செதில் தூளாக உதிர்ந்த கொண்டென்சரைக் கழுவிப் பயனில்லை. குழாய் கசியாவிட்டாலும், குழாயிலிருந்து வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது செதில்தான்; அது குழாயோடு ஒட்டியிருந்த இடமே அரித்துப்போன பிறகு, நீங்கள் பார்ப்பது வெறும் கம்பிவலை. மாற்றத்தான் வேண்டும். விசிறி மோட்டரை முதலில் கழற்றிப் பாருங்கள். பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றிக் கொடுக்கும் கடைகள் திருகோணமலையிலேயே உண்டு. கழற்றுமுன் இணைப்பானில் எத்தனை வோல்ற் வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இவ்வகை டொயோட்டாக்களில் இரு விசிறிகளும் மெதுவாகச் சுழலும்போது ஒரே மின்னை வரிசையாகப் பகிர்ந்துகொள்வது பொதுவான அமைப்பு. ஆகவே ஒன்று மெதுவாகச் சுழல்வதற்கு ரிலே காரணமா, மோட்டர் காரணமா என்பதை, மோட்டருக்கு நேராகப் பற்றரியிலிருந்து மின் கொடுத்துப் பார்த்தால்தான் பிரித்தறியலாம்.

காஸை இயந்திரத்தால் வெளியே எடுத்து நிறுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது பொனற்றுக்கடியில் ஒட்டியிருக்கும் சிட்டையில் கிராமில் இருக்கும். நிறுத்த எடை அதைவிடக் கூடினால் நான் முன்னர் சொன்னது சரி. காற்றில் திறந்துவிட எவரையும் அனுமதிக்க வேண்டாம்; எவ்வளவு இருந்தது என்ற சான்றும் அதோடு போய்விடும்.

ஓர்ஸ்ஹில் வாசி எழுதியது:

உதிரிப்பாகம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பின்னர் பழைய கார்களை வைத்திருந்தவர்கள் அவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகும் புதிய காரின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. ஆகவே 110க்கு உரிய பாகங்களுக்குத் தேவை குறையவில்லை, கிடைப்பதிலும் பெரிய சிரமமில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினால் கழற்றிய கொண்டென்சரும் கிடைக்கும், புதியதும் கிடைக்கும். கொம்பிரசரையோ கதவையோ கழற்றியதாக வாங்கலாம், கொண்டென்சரை மட்டும் அப்படி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாய் திறந்தபடி கடை வாசலில் கிடந்த கொண்டென்சருக்குள் ஈரமும் மண்ணும் போயிருக்கும். வேறொரு காரின் கொம்பிரசர் உடைந்தபோது வந்த அலுமினியத் தூளும் அதற்குள் இருக்கலாம். அது நேராக, கொயிலுக்குள் காஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். புதியதை வாங்கினால் இரு வாய்களிலும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டும் கணம் வரை மூடியைக் கழற்ற விடாதீர்கள்.

மாற்றிய பிறகு அதைக் கழுவும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடும் கடலோரம்தான். குழாய்த் தண்ணீரை, சாதாரண ரப்பர் குழாயால், மாதத்துக்கு ஒரு தடவையாவது அடிக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உப்புவெளிக் கிணறுகளில் பலவற்றில் தண்ணீரே உவராக இருக்கும்போது, உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும். சேவிஸ் நிலையத்தின் அமுக்கத் தண்ணீரும் வேண்டாம், செதில்கள் மடிந்து காற்று வழியை அடைத்துவிடும்.

கடற்கரை வீதி எழுதியது:

கசிவு என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காஸ் ஏற்றும் வாயின் கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் அங்கே கசிகிறது. அந்த நடு ஊசி வால்வை மாற்ற அதிகம் செலவில்லை. கொண்டென்சரை மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேலை தொடங்கிவிட்டது. காஸை எடுத்து நிறுத்தபோது சிட்டையில் உள்ள அளவைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. கடற்கரை வீதி அண்ணா சொன்னபடி தாழ் பக்க வாயில் எண்ணெய்ப் பசையும் இருந்தது, ஆனால் சவர்க்கார நுரை பூசிப் பார்த்ததில் மிக மெதுவாகத்தான் குமிழ் வந்தது. விசிறி மோட்டரில் பிரஷ் முற்றாகத் தேய்ந்திருந்தது. பற்றரியிலிருந்து நேராக மின் கொடுத்தும் அது வேகம் பிடிக்கவில்லை.

புளோவரைக் கழற்றிக் கூலிங் கொயிலைப் பார்த்தார்கள். உணரியின் வயர் கொயிலை விட்டு விலகி, பெட்டியின் ஓரத்தில் கிடந்தது. முன்னர் எப்போதோ கொயிலைச் சுத்தம் செய்தவர்கள் மறுபடி செருகாமல் விட்டிருக்க வேண்டும். கழற்றி அளந்தபோது 25 பாகை அறையில் 1,500 ஓம் அளவிலும், பனிக்கட்டித் தண்ணீரில் 4,800 அளவிலும் காட்டியதால், அது நல்ல நிலையில் இருக்கிறது, செருகிவிட்டால் போதும் என்கிறார் திருத்துநர். சரிதானே?

புதிய கொண்டென்சர் வந்துவிட்டது. காஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும் என்கிறார். அது தேவையா? ஓயில் எவ்வளவு விட வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவில்லை. ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் கசிவு பார்க்கலாம் என்றும் சொல்கிறார்.

பாலையூற்று மெக்கானிக் எழுதியது:

உணரி பற்றி அவர் சொன்னது சரி. குளிரக் குளிர அதன் தடை கூட வேண்டும், நீங்கள் தந்த இரண்டு எண்களும் டொயோட்டா சொல்லும் அளவுக்குள்ளேயே இருக்கின்றன. செருகும்போது பழைய துளை இருந்த அதே இடத்தில், செதில்களுக்கிடையில் இறுக்கமாக நிற்கும்படி செருகச் சொல்லுங்கள். கொயிலின் ஓரத்தில் செருகினால் நடுப்பகுதி உறைந்த பிறகுதான் அதற்குத் தெரியவரும்.

டிரையரை மாற்றத்தான் வேண்டும். அதற்குள் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சுபவை. இத்தனை ஆண்டுகளில் அவை தம்மால் இயன்றதை உறிஞ்சி முடித்திருக்கும், தொகுதியைத் திறந்ததும் மிச்சமும் போய்விடும். ஈரம் எஞ்சினால் அது எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் உறைந்து, உங்களுக்கு மூன்றாவது கோளாறு ஒன்றைத் தரும். வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் டிரையரின் மூடிகளைக் கழற்ற வேண்டும்.

ரயர்க் கொம்பிரசர் வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினால் அதோடு தண்ணீரும் போகும், மிஞ்சியிருக்கும் ஆர்134ஏயுடன் அமுக்கத்தில் காற்றுக் கலப்பதும் பாதுகாப்பானதல்ல. கசிவு பார்ப்பது உலர்ந்த நைதரசனால்தான். அதன் பிறகு வக்யூம் போட வேண்டும். 28 பாகை வெப்பத்தில் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாக வேண்டுமானால், வக்யூம் இரச அளவில் 732 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டும். ஊசி 750ஐத் தொட்ட பிறகும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட விடச் சொல்லுங்கள். மாரி மழைக்குள் வேலை நடந்தால் இன்னும் கூட்டி ஓட விடலாம். பம்பை நிறுத்தி வால்வுகளை மூடிய பின்னர் ஊசி அசையாமல் நிற்கிறதா என்பதை நீங்களே நின்று பாருங்கள். பத்து நிமிடம் பொறுக்க முடியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது.

ஓயில் கணக்கு கடினமல்ல. கொண்டென்சரை மாற்றினால் 40 மில்லிலீற்றர், டிரையரை மாற்றினால் 20 மில்லிலீற்றர், ஆக 60. கொம்பிரசருக்குள் இருப்பதைத் தொட வேண்டியதில்லை. காஸை எடுத்த இயந்திரம் எண்ணெயையும் சேர்த்து எடுத்திருந்தால், அதன் போத்தலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அந்த அளவையும் கூட்டிக்கொள்ளட்டும். உங்கள் காருக்கு உரியது என்டி ஓயில் 8 என்னும் பிஏஜி (செயற்கை ஓயில்) வகை. திறந்து வைத்த தகரத்தில் மிஞ்சியதை வாங்க வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய ஓ-றிங்குகளிலும் இதே ஓயிலைத்தான் பூச வேண்டும், எஞ்சின் ஓயிலை அல்ல.

காஸைச் சிட்டையில் உள்ள எடைக்கு நிறுத்து ஏற்றட்டும். காஸ் ஓடுவதைப் பார்க்க வைத்திருக்கும் சிறு கண்ணாடியில் குமிழ் மறையும் வரை ஏற்றுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்; ஆர்134ஏயில் குமிழ் மறையும் அளவு சரியான அளவாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் காரில் காஸ் மிஞ்சியதும் பெரும்பாலும் அந்த வழியில்தான். முடிந்ததும் எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில், ஏசியை உட்காற்று நிலையில் வைத்துக் கேஜைப் பார்த்தால் தாழ் பக்கம் 21க்கும் 36க்கும் இடையிலும், உயர் பக்கம் 200 முதல் 230 வரையிலும் நிற்க வேண்டும். கச்சான் வெக்கையில் உயர் பக்கம் இதைச் சற்றுத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம்.

முன்பக்கம் எல்லாம் கழற்றியிருக்கும் இந்த வேளையிலேயே கொம்பிரசர் கிளட்சின் இடைவெளியையும் அளந்துவிடச் சொல்லுங்கள். அது 0.35 முதல் 0.65 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். தேய்ந்து கூடியிருந்தால், சூடேறியதும் காந்தம் தட்டைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும், அப்போதும் கராஜில் கொம்பிரசரைத்தான் குறை சொல்வார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய வளையம் ஒன்றைக் கழற்றினால் இடைவெளி சரியாகிவிடும். அதற்குக் காஸைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.